லெந்து வெள்ளிக்கிழமையும் அக்காவின் சிவப்பு உருளைக்கிழங்கும்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கும் சபையாருக்கும் என் தோத்திரம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கடிதம் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. எதையும் வரிசையாகச் சொல்ல வராது. பேர்களும் மறந்துபோகின்றன. ஜெபக்கூட்டத்தில்கூட என் முறை வந்தால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பேன். அக்காவின் மகள் கிரேஸ்தான், "சித்தி, அம்மாவோட சின்ன வயசு உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? நீங்க எழுதலேன்னா அந்தப் பக்கம் வெள்ளையாத்தான் இருக்கும்" என்று நோட்டையும் பேனாவையும் வைத்துவிட்டுப் போனாள். மூன்று வாரம் அது அப்படியே கிடந்தது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவை நேரில் நீ, வா, போ என்றுதான் பேசுவேன். மலரில் அப்படி எழுதக் கூடாதாம். அதனால் அவர் என்று எழுதுகிறேன். எழுதும்போது வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் இருக்கிறது. அக்கா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது என்கிறார்கள். இருக்கலாம்.

அக்காவைப் பற்றி நம் ஜனங்களுக்குள் ஒரு கிழங்குப் பேச்சு உண்டு. பெரியவர்கள் பலருக்குத் தெரியும். அதைத்தான் நான் சொல்ல வேண்டும். மற்ற நல்ல குணங்களை மற்றவர்கள் எழுதுவார்கள்.

அக்கா பிறந்தது கேளம்பாக்கம் பக்கம். அப்பா உப்பளத்தில் கூலி. அக்காவுக்கு ஏழு வருஷம் கழித்து நான் பிறந்தேன். பெண் பிள்ளைகள் இருவர்தான். பத்து வயதிலேயே அக்கா அப்பாவோடு உப்பு வாரப் போனார். பாதம் வெடித்து, வெடிப்புக்குள் உப்புத் தண்ணீர் ஏறும். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அந்த வேலையினால் வந்த பழக்கம் ஒன்று அவருக்குக் கடைசிவரை இருந்தது. சமைக்கும்போது உப்புப் பார்க்க மாட்டார். கையில் அள்ளியதும் போதுமா போதாதா என்று அவருக்குத் தெரியும். கரண்டியை நக்கிப் பார்க்கிற பெண்களைக் கண்டால், "உப்பளத்துப் பக்கம் ஒரு மாசம் விட்டா சரியாயிடும்" என்று சிரிப்பார்.

மாமாவைக் கட்டிக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் வந்தார். மாமாவுக்கு ரயில்வேயில் வேலை. மண் சுவர் வீடு. பின்னால் கொஞ்சம் நிலம். அதைத் தாண்டினால் பனைமரங்கள்தான், அப்புறம் ஏரி. கிரேஸ் பிறந்து இரண்டு வயது ஆகும் முன்னே மாமா காய்ச்சலில் போய்விட்டார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள். எனக்குப் பதினேழு இருக்கும். அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ, சரியாக நினைவில்லை.

தாம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதி. அங்கே அக்கா காய் நறுக்கப் போனார். பெரிய சமையல்காரம்மாவுக்குக் கண் தெரியாமல் போனதும் அடுப்பு அக்காவின் கைக்கு வந்தது. ஆனால் தற்காலிகம்தான். வார்டன் அம்மாவுக்கு அக்காவைப் பிடிக்கும். "கமிட்டி அம்மாக்கள் மெட்ராஸிலிருந்து வந்து சாப்பிட்டுப் பார்த்துச் சரி என்று சொன்னால் நிரந்தரம். பின்னால் ஒரு அறை தருவோம். உன் பெண்ணுக்கு நம் பள்ளியிலேயே இடம்" என்று சொல்லியிருந்தார். அக்கா அந்த அறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஜன்னல் எந்தப் பக்கம், அலமாரி எங்கே என்று என்னிடம் சொன்னார். இரண்டு மூன்று தடவை சொன்னார். அவர் எதையும் இரண்டு தடவை சொல்கிறவர் இல்லை.

வார்டன் அம்மாவின் தம்பி கோடைக்கானலில் இருந்தார். அவர் ஒரு கூடை உருளைக்கிழங்கு அனுப்பினார். தோல் நல்ல சிவப்பு. நம் கடைகளில் நாங்கள் அப்படிப் பார்த்ததில்லை. பாதி முளைவிட்டிருந்தது. தூக்கிப் போடச் சொன்னதை அக்கா முந்தானையில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கண் கண்ணாக வெட்டிச் சாம்பல் தடவி, மழை ஓய்ந்ததும் பின்பக்கம் நட்டார்.

விடுதித் தோட்டக்காரர் முனுசாமி அண்ணன் வேலை முடிந்து போகும் வழியில் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாம்மா, இது ஊட்டின்னு நென்ச்சிக்கினியா? தாம்பரத்து மண்ணுல கல்லுதான் வெளையும்."

"வெளைஞ்சா உனக்குத்தான் முதல் கிழங்கு, அண்ணா."

"எனுக்கு இன்னாத்துக்கு? நீயே வெச்சிக்கோ, கழுத்துல மாலையா கோத்துப் போட்டுக்கோ."

கிண்டல் செய்தாரே தவிர மறுநாள் ஒரு கூடை மக்கிய எருவோடு வந்தார். செடி முழங்கால் உயரம் வந்ததும் தண்டைச் சுற்றி மண் அணைக்கச் சொல்லிக்கொடுத்தார். அந்த வருஷம் ஒரு மடி கிழங்குதான் கிடைத்தது. கோலிக்குண்டும் எலுமிச்சையுமாக இருந்தன. ஆனாலும் கிழங்கு. அக்கா அதைத் தோலோடு வறுத்தார். அரை வேக்காடு வைத்து, ஈர்க்குச்சியால் குத்தி, தட்டிய பூண்டு, சோம்பு, மிளகாய்த்தூள் போட்டு, இரும்புச் சட்டியில் கடலை எண்ணெயில் மெதுவாகப் புரட்டுவார். தோல் சுருங்கி மசாலாவைப் பிடித்துக்கொள்ளும். வார்டன் அம்மாவுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோனார். அவர் அடுத்த வருஷம் தம்பிக்கு எழுதி ஒரு சாக்கு விதைக் கிழங்கே வரவழைத்துக் கொடுத்தார். "கமிட்டி வருகிற அன்றைக்கு இதையே செய்" என்றார்.

இரண்டாம் வருஷம் அக்கா நிலம் முழுவதும் பாத்தி பிடித்தார். விடியலில் தண்ணீர் இறைத்து ஊற்றிவிட்டு வேலைக்குப் போவார். திரும்பி வந்தும் ஊற்றுவார். கிழங்கு எங்கேயாவது மண்ணுக்கு மேலே தலைகாட்டினால் உடனே மூடுவார். பிப்ரவரியில் தோண்டினோம். இரண்டு கூடை நிறைய வந்தது. முனுசாமி அண்ணன் ஒன்றைக் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"யம்மா, மெய்யாலுமே வெளஞ்சிகீது!"

"மாலை கோக்கட்டுமா அண்ணா?"

"கோத்து எனுக்கே போடு. நான் சொன்னது தப்பு."

அப்போது அவர் அக்காவிடம் இன்னொன்றும் சொன்னாராம். கிழங்கு வெயில் பார்க்கக் கூடாது, பார்த்தால் பச்சையாகிவிடும், பச்சைக் கிழங்கு தின்றால் வயிறு போகும் என்று. நான் உள்ளே கிரேஸுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். என் காதில் விழவில்லை. இதை என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதவில்லை. நடந்தது அது.

அக்கா கட்டிலுக்கு அடியில் காய்ந்த மணலைப் பரப்பி, கிழங்கை அடுக்கி, மேலே சாக்குப் போட்டு மூடினார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேளம்பாக்கத்திலிருந்து ஆள் வந்தது. ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டார். போகும்போது, "பாப்பா, கட்டிலுக்கடியில இருக்கறதைத் தொடாதே. அப்படியே இருக்கட்டும்" என்றார். வீட்டில் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். ஏன் தொடக் கூடாது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அவர் போன மறுநாள் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு வாடை வந்தது. சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கிழங்கு அழுகியிருந்தது. எறும்பு ஏறியிருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. எல்லாம் அழுகினால் அக்காவின் வேலை போய்விடும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் எது கெடப்போனாலும் வெயிலில் போடுவோம். கருவாடு, புளி, மிளகாய், தலையணை எல்லாம் அப்படித்தான். உப்பளத்துக்காரர் பிள்ளைகள் நாங்கள். வெயில் ஒரு பொருளைக் கெடுக்கும் என்று எனக்குத் தெரியாது.

முற்றத்தில் கோரைப்பாயை விரித்து இரண்டு கூடைக் கிழங்கையும் பரப்பினேன். காலையில் போட்டு மாலையில் அள்ளினேன். ஒரே பக்கம் காயக் கூடாது என்று புரட்டியும் விட்டேன். ஐந்து நாளோ ஆறு நாளோ செய்தேன். தோல் சிவப்பாகவே இருந்தது. கொஞ்சம் கறுத்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். வெள்ளைத் தோலாக இருந்திருந்தால் பச்சை தெரிந்திருக்கும். சிவப்புக்கு அடியில் தெரியவில்லை. அக்கா வருவதற்கு முந்தின நாள் எல்லாவற்றையும் மணலில் பழையபடி அடுக்கி மூடிவிட்டேன். சொன்னால் திட்டுவார் என்று சொல்லவில்லை.

இதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கமிட்டி அம்மாக்கள் வந்தது, ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு விடுதியில் கறி மீன் கிடையாது. அதனால் சாதம், பருப்பு, ரசம், இந்தக் கிழங்கு வறுவல். கிழங்குதான் பெரிய பதார்த்தம். நானும் கிரேஸை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். அக்கா லெந்து வெள்ளிக்கிழமைகளில் சாயங்காலம் ஆராதனை முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடமாட்டார். உப்புப் பார்க்கும் பழக்கமும் இல்லாதவர். ஒரு துண்டு வாயில் போட்டிருந்தால் கசப்புத் தெரிந்திருக்கும். போடவில்லை. நானும் உபவாசம்.

கமிட்டியில் ஐந்து பேர். ஒரு வயதான அம்மா மட்டும், "கொஞ்சம் கசக்கிறதே?" என்று கேட்டார். வார்டன் அம்மா, "மலைக் கிழங்கு, தோலோடு இருக்கிறதல்லவா, அதனாலிருக்கும்" என்றார். நல்ல கை என்று எல்லாரும் சொன்னார்கள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். விடுதிப் பெண்களுக்கும் பரிமாறினோம். அக்கா கதவோரம் நின்று தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அக்கா கோயிலுக்குப் புறப்பட்ட நேரத்தில் முதல் பெண் வாந்தி எடுத்தாள். பிறகு ஒவ்வொருவராக. டாக்டர் வந்தார். மெட்ராஸிலிருந்து போன் வந்தது, கமிட்டியில் மூன்று பேருக்கும் அப்படித்தான் என்று. யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாளில் எல்லாரும் எழுந்து நடமாடினார்கள். அக்கா அந்த இரண்டு நாளும் அங்கேயே இருந்து எல்லார் வாந்தியையும் அள்ளிக் கழுவினார்.

மூன்றாம் நாள் காலையில் முனுசாமி அண்ணன் கூடையில் மிச்சமிருந்த ஒரு கிழங்கை எடுத்து நகத்தால் தோலைச் சுரண்டினார். உள்ளே இலைப் பச்சையாக இருந்தது. "வெயில்ல கெடந்துகீது" என்றார். நான் அங்கேதான் நின்றேன்.

அன்று மத்தியானம் அக்கா வீட்டுக்கு வந்தார். முகம் கழுவவில்லை. என் முன்னால் வந்து நின்றார்.

"பாப்பா, கிழங்கை வெளியில எடுத்தியா?"

"இல்லக்கா."

"வெயில்ல கிய்ல்ல போட்டியா?"

"நான் ஏன்க்கா போடப்போறேன்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் சாத்தியிருந்த கோரைப்பாயை எடுத்துக்கொண்டு வெளியே போய் உதறினார். மண் நிறைய விழுந்தது. கிழங்கில் ஒட்டியிருந்த செம்மண். பாயைச் சுருட்டி உள்ளே கொண்டுவந்து வைத்தார். "கிரேஸ் சாப்டாளா?" என்று கேட்டார். சாப்பிட்டாள் என்றேன். முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு திரும்பப் போனார்.

வார்டன் அம்மாவிடம் அவர் என்ன சொன்னார் என்று முனுசாமி அண்ணன்தான் பிறகு எனக்குச் சொன்னார். "உங்க அக்கா, நாந்தான் தெரியாம காயப்போட்டேன்னு சொல்லிச்சு. நான் படிச்சிப் படிச்சிச் சொன்னேன், வெயில் ஆவாதுன்னு. அது மறக்கற ஆளா? இன்னாமோ போ, எனுக்கு ஒண்ணும் பிரியல." என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் கிரேஸின் தலையைச் சீவிக்கொண்டிருந்தேன்.

அறை போயிற்று. பள்ளி இடமும் போயிற்று. வார்டன் அம்மா நல்லவர். வேலையைவிட்டு அனுப்பவில்லை. கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்தார். சமையலறைப் படியை மிதிக்கக் கூடாது என்பது கமிட்டி சொன்னது. அக்கா சாப்பாட்டுக் கூடத்தைப் பல வருஷம் பெருக்கினார். அடுப்பில் வேறொரு அம்மா நின்றார். அந்த அம்மா உப்புப் பார்த்துத்தான் சமைப்பார்.

கோயில் அசன விருந்துக்குப் பெண்கள் சேர்ந்து சமைப்பார்கள். அக்கா கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், "நீங்க எதுக்குக்கா, தண்ணி ஊத்துங்க போதும்" என்பார்கள். ஒருத்தி, "அக்கா கை ராசியான கை, ஊரே ஒரே நாள்ல பேதிக்குச் சாப்ட்ட மாதிரி" என்று சொல்லிச் சிரித்ததை நான் கேட்டேன். அக்காவும் கேட்டார். செம்பை எடுத்துக்கொண்டு பந்திக்குப் போனார். எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றினார். எனக்கும் ஊற்றினார்.

எனக்குக் கல்யாணம் ஆனது அதற்கு அடுத்த வருஷம். நானும் ராஜகீழ்ப்பாக்கத்திலேயே பக்கத்துத் தெருவில் இருந்துவிட்டேன். அக்கா கிழங்கு போடுவதை நிறுத்தவில்லை. வீட்டுக்கு மட்டும் நாலு பாத்தி. பிப்ரவரியில் எங்கள் எல்லாரையும் கூப்பிடுவார். சட்டியில் போடும் முன்னே ஒவ்வொரு கிழங்கையும் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி உள்ளே பார்ப்பார். எத்தனை கிழங்கானாலும் ஒவ்வொன்றாக. நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிப்பேன். அவர் சுரண்டுவார். அப்படியே பேசிக்கொண்டிருப்போம், வேறு விஷயம். கிழங்கு ருசியாகத்தான் இருக்கும். நானும் சாப்பிட்டேன். முதல் கரண்டி எனக்குத்தான் வைப்பார். நிலத்தில் வீடு கட்டும்வரை, எழுபத்தேழு எழுபத்தெட்டு வரைக்கும் இப்படி நடந்தது.

கிரேஸை அவர் கஷ்டப்பட்டுப் படிக்கவைத்ததும், கிரேஸ் காட்டாங்குளத்தூரில் கல்லூரி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்ததும் எல்லாருக்கும் தெரியும். கடைசி மூன்று மாதம் அக்கா அங்கே கிரேஸ் வீட்டில்தான் படுக்கையில் இருந்தார். நான் கூட இருந்தேன். பகலில் கிரேஸ் ஆபீஸ் போய்விட்டால் நாங்கள் இரண்டு பேர்தான். சொல்ல எத்தனையோ நேரம் இருந்தது. சொல்லவில்லை. காரணம் என்று ஒன்றும் இல்லை. கஞ்சி ஆறிப்போகும், மாத்திரை நேரம் வந்துவிடும். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியும் என்று உறுதியாக எழுத எனக்குத் தைரியமில்லை. அவர் போன காலையில் நான் அவர் காலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். சிறு வயது வெடிப்பு ஆறாமலே இருந்தது. அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

அந்த மூன்று மாதமும் உதவிய எல்லாருக்கும் கும்பிடு. தினமும் வந்து படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்த நர்ஸ் பெண்ணுக்கும், இளநீர் கொண்டுவந்து வாசலோடு கொடுத்துவிட்டுப் போன எதிர்வீட்டு சாருக்கும், ஞாயிறு தவறாமல் வந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், சவப்பெட்டி தூக்கிய பிள்ளைகளுக்கும் நன்றி. பேர் போட்டு எழுத ஆசைதான். யாரையாவது விட்டுவிடுவேன்.

போன வாரம் கிரேஸ் அச்சுக்குக் கொடுக்க எழுதிய வாழ்க்கைக் குறிப்பை எனக்குப் படித்துக்காட்டினாள். அதில், "அறியாமல் செய்த ஒரு பிழைக்காக வாழ்நாளெல்லாம் தாழ்மையோடு இருந்தார்" என்று ஒரு வரி. தன் அம்மாவைப் பற்றி ஊர் பேசியதைச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பெண். தன்னால் முடிந்தவரை மென்மையாக எழுதியிருக்கிறாள். "நல்லா இருக்கா சித்தி?" என்று கேட்டாள். தலையாட்டினேன். அவள் போனபிறகுதான் நோட்டைத் திறந்தேன்.

கிரேஸ், நீ இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னே படிப்பாய். படித்துவிட்டு என்னிடம் வராமல் இருந்தாலும் எனக்குப் புரியும். நான் வருஷங்களை மாற்றிச் சொல்லியிருப்பேன். மாமா போனது நீ பிறந்து எத்தனை மாதத்தில் என்று சபைப் புத்தகத்தில் பார். கமிட்டியில் ஐந்து பேரா ஆறு பேரா, மூன்று பேருக்குத்தான் உடம்புக்கு வந்ததா என்று, அந்த விடுதியில் அப்போது படித்தவர்கள் யாராவது இந்த மலரைப் பார்த்தால் சொல்லட்டும். முனுசாமி அண்ணனின் பிள்ளைகள் தாம்பரத்தில்தான் இருப்பார்கள், அவர்களிடமும் கேள். தப்பாக இருப்பதையெல்லாம் திருத்திவிடு. உன் குறிப்பில் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடு. அவர் பிழை ஒன்றும் செய்யவில்லை. வெயிலில் போட்டவள் நான். அதை யாரும் சரிபார்க்க வேண்டியதில்லை.